திரையில் நம்மைப் பற்றிப் பேசுபவர்கள் யார்? தொலைக்காட்சிச் செய்தியின் தரமும் பன்முகமும்

2020 ஏப்ரல் மாதத்து மாலை நேரங்களை நம் குடும்பங்கள் மறந்திருக்க முடியாது. ஊரடங்கில் பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்தன. ரமளான் நெருங்கிக்கொண்டிருந்தது. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறிந்துகொள்ளத் தொலைக்காட்சியைப் போட்டால், டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸ் கட்டடமே திரும்பத் திரும்ப வந்தது. நோய்க்கு மதம் சூட்டப்பட்டது. 'கொரோனா ஜிஹாத்' என்ற சொல் வீட்டுக்கூடம்வரை வந்து சேர்ந்தது. அத்தா என்று அழைக்கும் வீடானாலும் வாப்பா என்று அழைக்கும் வீடானாலும், பிள்ளைகள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நாம என்ன தப்பு செஞ்சோம்?"

அந்தக் கேள்விக்கு நீதிமன்றங்கள் பின்னர் பதில் சொல்லின. 2020 ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, தப்லீக் பணிக்காக வந்திருந்த 29 வெளிநாட்டவர்மீது பதிவான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டனர் என்றும், அச்சு ஊடகத்திலும் மின்னணு ஊடகத்திலும் அவர்களுக்கு எதிராகப் பெரும் பிரச்சாரம் நடந்தது என்றும் தீர்ப்பை எழுதிய நீதிபதி டி.வி. நலவாடே குறிப்பிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி நீதிமன்றம் ஒன்று 36 வெளிநாட்டவரை விடுதலை செய்தது. 2025 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம், அந்த வெளிநாட்டவருக்கு இடம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட 70 இந்தியர்கள் மீதான வழக்குகளையும் ரத்து செய்தது.

குற்றச்சாட்டு வாரக்கணக்கில் ஒளிபரப்பானது. விடுதலையோ பெரும்பாலான திரைகளில் கீழே ஓடும் ஒற்றை வரியோடு முடிந்துபோனது. ஒரு பொய் ஏன் அவ்வளவு எளிதாகச் செய்தியாகிறது? அதைச் செய்தி அறையிலேயே தடுத்து நிறுத்த ஏன் ஒருவரும் இல்லை? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே என்று நாம் கருதுகிறோம். அதை விளக்குவதே இக்கட்டுரை.

அரசின் திரையிலிருந்து தனியார் திரைக்கு

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை ஒளிபரப்பாகத் தொடங்கியது. சென்னை நிலையம் 1975-இல் வந்தது. 1990-களின் தொடக்கம்வரை தொலைக்காட்சிச் செய்தி என்றால் தூர்தர்ஷன்தான். அதில் கூச்சல் இல்லை. ஆனால் ஆட்சியாளருக்குப் பிடிக்காத செய்திக்கு அதில் இடமும் குறைவு.

பிறகு செயற்கைக்கோள் வழியே தனியார் சேனல்கள் வந்தன. 1992-இல் ஜீ டிவியும் 1993 ஏப்ரலில் சன் டிவியும் தொடங்கின. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கிரிக்கெட் போட்டி ஒளிபரப்பு தொடர்பான வழக்கில் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பு ஒன்றை வழங்கியது. காற்றலைகள் பொதுச் சொத்து என்பதே அதன் சாரம். அவை அரசின் ஏகபோகமாகவும் இருக்கக் கூடாது, பணம் படைத்த சிலரின் ஏகபோகமாகவும் ஆகிவிடக் கூடாது. மக்களுக்குப் பலவகைக் கருத்துகளையும் அறியும் உரிமை உண்டு என்று அத்தீர்ப்பு எச்சரித்தது.

அந்த எச்சரிக்கை எந்த அளவுக்கு மதிக்கப்பட்டது? 2014-இல் நெட்வொர்க்18 குழுமம் ரிலையன்ஸ் வசம் சென்றது. 2022 டிசம்பரில் என்.டி.டி.வி.யின் பெரும்பான்மைப் பங்குகள் அதானி குழுமத்தின் கைக்குப் போயின. சேனல்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் உள்ளது என்பது உண்மை. ஆனால் கடைகள் நூறு இருந்தும் எல்லாக் கடைகளிலும் ஒரே சரக்கே இருந்தால், அதைப் பன்முகம் என்று சொல்ல முடியாது.

செய்தி அறையில் அமர்ந்திருப்பவர்கள்

2006-இல் டெல்லியில் ஓர் ஆய்வு நடந்தது. அனில் சமடியா, ஜிதேந்திர குமார், யோகேந்திர யாதவ் ஆகிய மூவர் அதை நடத்தினர். 37 தேசிய ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேர் யார் யார் என்று அவர்கள் கணக்கெடுத்தனர். மக்கள்தொகையில் ஏறத்தாழ 8 சதவீதமே உள்ள இந்து உயர்சாதி ஆண்கள், அந்தப் பொறுப்புகளில் 71 சதவீதத்தை வைத்திருந்தனர். பெண்கள் 17 சதவீதம். நாட்டு மக்களில் 13 சதவீதத்துக்கு மேல் இருந்த முஸ்லிம்கள் 3 சதவீதம். அந்த 315 பேரில் தலித் ஒருவர்கூட இல்லை. பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2019-இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் இணைந்து மற்றோர் ஆய்வை வெளியிட்டன. செய்தி நிறுவனங்களின் தலைமைப் பொறுப்புகள் 121-ஐ எடுத்துப் பார்த்ததில் 106-இல் உயர்சாதியினரே இருந்தனர். விவாத நிகழ்ச்சிகளை நடத்தும் நெறியாளர்களில் நான்கில் மூவர் அதே பிரிவினர். 2022-இல் வெளிவந்த அடுத்த பதிப்பிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

இதை நம் சமுதாயத்தின் தனிக்குறையாக மட்டும் பார்க்கக் கூடாது. செய்தி அறையின் கதவு தலித்துக்கும் பழங்குடிக்கும் பெண்ணுக்கும் முஸ்லிமுக்கும் சேர்ந்தேதான் மூடியிருக்கிறது. இது இந்தியாவின் நோய் மட்டுமும் அல்ல. 1967-இல் அமெரிக்க நகரங்களில் கலவரங்கள் வெடித்தபோது, காரணம் அறிய அந்நாட்டு அதிபர் ஜான்சன் கெர்னர் ஆணையத்தை அமைத்தார். 1968-இல் அது அளித்த அறிக்கை, ஊடகங்களுக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியது. ஆசிரியப் பணிகளில் கறுப்பின மக்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு என்றும், செய்தியுலகம் வெள்ளையரின் பார்வையிலேயே நாட்டைப் பார்க்கிறது என்றும் அது கண்டது. கறுப்பினக் குடியிருப்புகளின் அன்றாட வாழ்வை ஊடகங்கள் அறியாமல் இருந்ததும், தெரு பற்றி எரிந்த பிறகே அங்கே கேமரா போனதும் அந்த அறிக்கையின் வழியே வெளிச்சத்துக்கு வந்தன.

தரமும் பன்முகமும் இரண்டல்ல

"செய்தியாளரின் மதமும் சாதியும் எதற்கு? திறமை இருந்தால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு மதரஸாவில் நாம் ஓதிய ஹதீஸ் கலையிலிருந்தே பதில் சொல்லலாம்.

ஒரு செய்தி வந்தால் அதைச் சரிபார்க்க வேண்டும் என்பது நமக்கு மார்க்கக் கட்டளை. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் இதைத்தான் பேசுகிறது. ஒரு கூட்டத்தார் ஜகாத் தர மறுத்துப் போருக்குத் தயாராகிறார்கள் என்று தவறான தகவல் மதீனாவுக்கு வந்ததும், நபி (ஸல்) அவர்கள் அவசரப்படாமல் விசாரிக்கச் செய்ததும், உண்மை வேறாக இருந்ததும் அவ்வசனத்தின் பின்னணியாகத் தஃப்சீர் நூல்களில் கூறப்படுகின்றன. அறியாமையால் ஒரு சமூகத்துக்குத் தீங்கு செய்துவிட்டு, பிறகு வருந்தும் நிலை வரக் கூடாது என்பதே அங்கே சொல்லப்படும் காரணம். 2020 ஏப்ரலுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை.

சரிபார்ப்பதற்கென்றே நம் முன்னோர் ஒரு கலையை வளர்த்தார்கள். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, அவருடைய நினைவாற்றல் எப்படி, நேர்மை எப்படி என்று அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் எடைபோட்டார்கள். சமுதாயத்தில் குழப்பம் தோன்றிய பிறகுதான், "உங்களுக்கு இதைச் சொன்னவர் யார்?" என்று கேட்கும் வழக்கம் வலுத்தது என இமாம் இப்னு ஸீரீன் (ரஹ்) குறிப்பிட்டிருக்கிறார்கள். இன்றைய தொலைக்காட்சியில் ஓயாமல் ஒலிக்கும் 'வட்டாரங்கள் தெரிவிக்கின்றன' என்ற சொல்லை ஹதீஸ் கலை மாணவர் ஒருவரிடம் காட்டினால், பெயர் தெரியாத அறிவிப்பாளர் என்று தள்ளி வைத்துவிடுவார்.

அறிவிப்பாளர் நேர்மையானவராக இருந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. ஸஹாபாக்களைவிட நேர்மையானவர்களை நாம் காண முடியாது. அப்படியிருந்தும் அவர்களில் சிலர் அறிவித்த செய்திகளை அன்னை ஆயிஷா (ரலி) திருத்தியிருக்கிறார்கள். தொழுபவரின் முன்னால் நாய், கழுதை, பெண் குறுக்கே சென்றால் தொழுகை முறிந்துவிடும் என்று சிலர் சொன்னதைக் கேட்டபோது, அன்னையவர்கள் கடுமையாக மறுத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் இரவில் தொழும்போது தாம் அவர்களுக்கும் கிப்லாவுக்கும் இடையே படுத்திருந்ததை எடுத்துச் சொன்னார்கள். இது ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ளது. பெண் குறுக்கே செல்வதால் தொழுகை முறியாது என்பதே பெரும்பாலான இமாம்களின் முடிவும்கூட.

அன்னையவர்களால் இதை எப்படித் திருத்த முடிந்தது? அவர்கள் அந்த வீட்டுக்குள் இருந்தார்கள். வெளியே இருந்தவர்கள் எவ்வளவு உண்மையாளர்களானாலும் அந்த அறைக்குள் நடந்ததை அறிந்திருக்க வாய்ப்பில்லை. அன்னையவர்கள் வழியாக நமக்குக் கிடைத்துள்ள ஹதீஸ்கள் 2,210. பிற ஸஹாபாக்களின் கூற்றுகளில் அவர்கள் செய்த திருத்தங்களைத் தொகுத்து இமாம் ஸர்கஷீ (ரஹ்) தனி நூலே எழுதினார்கள். ஒரு பெண்ணின் குரலுக்கு அந்தச் சபையில் இடமில்லாமல் போயிருந்தால், நம் மார்க்கச் செய்திகளின் தரமே குறைந்திருக்கும்.

செய்தி அறைக்கும் இதே விதிதான். தப்லீக் ஜமாஅத் என்றால் என்ன, மூன்று நாள், நாற்பது நாள் ஜமாஅத் புறப்படுவது எப்படி, வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஏன் மர்கஸில் தங்குகிறார்கள், திடீரென ரயிலும் பஸ்ஸும் நின்றுபோனால் அவர்கள் எங்கே போவார்கள் என்பதெல்லாம் தெரிந்த ஒருவர் ஆசிரியர் குழுவில் இருந்திருந்தால், 'பதுங்கியிருந்தனர்' என்ற சொல் அந்த மேசையிலேயே அடிபட்டுப் போயிருக்கும். கோயிலிலும் குருத்வாராவிலும் அதே நாட்களில் மாட்டிக்கொண்டவர்களைச் 'சிக்கித் தவிப்பவர்கள்' என்று எழுதிய அதே கை, பள்ளிவாசலில் இருந்தவர்களுக்கு மட்டும் வேறு வினைச்சொல் தேடியது ஏன் என்று அவர் கேட்டிருப்பார். தலித் குடியிருப்பு பற்றிய செய்திக்கும் மீனவர் குப்பத்தைப் பற்றிய செய்திக்கும் இது அப்படியே பொருந்தும். ஆகவே, பன்முகம் என்பது சிறுபான்மையினருக்குச் செய்யும் சலுகையன்று. செய்தி பிழையின்றி வருவதற்கான ஏற்பாடு.

விவாத மேடை என்னும் வியாபாரம்

செய்தி சேகரிப்பதற்குச் செலவு உண்டு. செய்தியாளரும் ஒளிப்பதிவாளரும் ஊர் ஊராகப் போக வேண்டும், நாட்கணக்கில் தங்க வேண்டும். நான்கு பேரை அழைத்து ஒரு மணி நேரம் சண்டையிட வைப்பதற்கு அவ்வளவு செலவில்லை. இரவு நேரச் சேனல்கள் விவாத மேடைகளால் நிரம்பியதற்கு முதல் காரணம் இந்தக் கணக்குதான்.

இரண்டாவது காரணம் டி.ஆர்.பி. நாட்டில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் ஏறத்தாழ 20 கோடி. ஆனால் எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை 2020-இல் சுமார் 44,000 வீடுகளில் வைத்த கருவிகளைக் கொண்டே பார்க் நிறுவனம் கணக்கிட்டு வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் டி.ஆர்.பி. மோசடி தொடர்பாக மும்பை போலீசார் வழக்குப் பதிந்ததை அடுத்து, செய்திச் சேனல்களுக்கான மதிப்பீடு நிறுத்திவைக்கப்பட்டது. அது மீண்டும் வெளிவர 2022 மார்ச் ஆனது. விளம்பரப் பணம் இந்த எண்ணைப் பின்தொடர்கிறது. கூச்சல் விளம்பரப் பணத்தைப் பின்தொடர்கிறது.

இந்த மேடைகளில் முஸ்லிம்கள் இல்லாமல் இல்லை. தொப்பியும் தாடியுமாக ஒருவர் ஓரத்துக் கட்டத்தில் இருப்பார். அவர் பாடம் படித்த ஆலிமா, எந்த ஜமாஅத்தின் பிரதிநிதி, பேசும் பொருளில் அவருக்குத் தேர்ச்சி உண்டா என்று யாரும் கேட்பதில்லை. அவர் கோபப்பட வேண்டும், அதற்காகத்தான் அழைப்பு. இதைப் பன்முகம் என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. பேசுபவரின் முகத்தை மாற்றினால் மட்டும் போதாது. கேள்வியைத் தேர்ந்தெடுப்பவர், தலைப்பு வைப்பவர், யாருக்கு எத்தனை நிமிடம் என்று முடிவு செய்பவர் ஆகியோரின் இடத்திலும் மாற்றம் வர வேண்டும்.

2022 மே மாத இறுதியில் ஓர் ஆங்கிலச் சேனலின் விவாதத்தில் நபி (ஸல்) அவர்களைக் குறித்துச் சொல்லப்பட்ட சொற்கள் நாட்டைக் கொந்தளிக்க வைத்தன. ஜூன் 5 அன்று கத்தார், குவைத், ஈரான் ஆகிய நாடுகள் இந்தியத் தூதர்களை அழைத்து ஆட்சேபம் தெரிவிக்கும் அளவுக்கு அது போனது. அதைத் தொடர்ந்து, இஸ்லாத்தை இழிவுபடுத்துவதையே நோக்கமாகக் கொண்ட விவாதங்களில் கலந்துகொள்ள வேண்டாம் என்று அகில இந்திய முஸ்லிம் தனிச்சட்ட வாரியம் உலமாக்களைக் கேட்டுக்கொண்டது. அந்த வேண்டுகோளில் நியாயம் உண்டு. ஆனால் எல்லா மேடைகளையும் விட்டு விலகுவது தீர்வாகாது. எந்த மேடை கேட்கும் மேடை, எது கூத்து மேடை என்று பிரித்தறியும் பொறுப்பு அழைக்கப்படுபவருக்கு உண்டு.

தமிழ்த் திரையின் நிலை

தமிழ்ச் சேனல்களின் கதை சற்று வேறானது. இங்கே பன்முகம் கட்சிகளின் வழியாக வந்தது. சன் டிவிக்குப் பிறகு 1999-இல் ஜெயா டிவி, 2006-இல் மக்கள் தொலைக்காட்சி, 2007-இல் கலைஞர் தொலைக்காட்சி, 2010-இல் கேப்டன் டிவி என ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு திரை உருவானது. 2011-இல் புதிய தலைமுறையும் 2012-இல் தந்தி டிவியும் வந்த பிறகு, முழுநேரச் செய்தியும் இரவு விவாதமும் வீட்டுப் பழக்கமாகிவிட்டன.

இதில் நன்மையும் உண்டு. ஒரு சேனல் மறைத்ததை மற்றொன்று காட்டிவிடும். நம் வீட்டுப் பெரியவர்கள் இரண்டு மூன்று சேனல்களை மாற்றி மாற்றிப் பார்த்து, நடுவே இருக்கும் உண்மையைத் தாமாகவே கணித்துக்கொள்ளும் பழக்கம் பெற்றவர்கள். ஆனால் கட்சிப் பன்முகம் வேறு, சமூகப் பன்முகம் வேறு. ஆளுங்கட்சி ஒன்று, எதிர்க்கட்சி ஒன்று என்று இரண்டு குரல்கள் ஒலித்தாலும், இரண்டுக்கும் பின்னால் ஒரே மாதிரியான ஆசிரியர் குழு இருக்கலாம். நோன்புக் கஞ்சியையும் பிரியாணியையும் பெருநாள் அன்று காட்டுவதோடு நம்மைப் பற்றிய செய்தி முடிந்துவிடுவதும் இதனால்தான். வக்ஃபு நிலப் பிரச்சினை, நம் பெண் பிள்ளைகளின் உயர்கல்வி, தோல் தொழிற்சாலைத் தொழிலாளியின் உடல்நலம் ஆகியவையும் அரசியல் செய்திகள்தாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பத்திரிகைகளுக்குப் பிரஸ் கவுன்சில் உண்டு; அதன் அதிகாரம் தொலைக்காட்சிக்குச் செல்லாது. தொலைக்காட்சிக்கு 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி நெட்வொர்க்குகள் சட்டமும் அதன் கீழ் வரும் நிகழ்ச்சி விதித்தொகுப்பும் பொருந்தும். மதங்களையும் சமூகங்களையும் தாக்கும் நிகழ்ச்சிகளை அந்த விதி தடைசெய்கிறது.

2020-இல் சுதர்சன் நியூஸ், குடிமைப் பணித் தேர்வில் முஸ்லிம்கள் 'ஊடுருவுகிறார்கள்' என்று ஒரு தொடரை ஒளிபரப்பியது. செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் மீதிப் பகுதிகளை நிறுத்திவைத்தது. படித்துத் தேர்வெழுதி வென்ற பிள்ளைகளைச் சதிகாரர்களாகக் காட்டியதை நீதிபதிகள் கண்டித்தனர்.

மறுபக்கம், மலையாளத்தின் மீடியாஒன் சேனலுக்கு 2022 ஜனவரி 31 அன்று மத்திய அரசு தடை விதித்தது. பாதுகாப்புக் காரணம் என்று சொல்லப்பட்டது. என்ன காரணம் என்று சேனலிடமே சொல்லப்படவில்லை. கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ஏற்றுக்கொண்டது. 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. தேசப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது, அதற்கு ஆதாரம் வேண்டும் என்றும், அரசை விமர்சிப்பது நாட்டுக்கு எதிரானது ஆகாது என்றும் அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது. நமக்கு வேண்டாத சேனலை அரசு மூட வேண்டும் என்று கேட்பதற்கு முன், இந்த வழக்கை நினைவில் வைக்க வேண்டும். மூடும் அதிகாரம் எந்தக் கையில் இருந்தாலும், முதலில் பாதிக்கப்படுவது பலவீனமான குரலே.

நாம் செய்யக்கூடியது

கோபப்பட்டு ரிமோட்டை வீசுவதும், வாட்ஸ்அப்பில் திட்டி எழுதுவதும் பயன் தராது. புகார் அளிக்க முறையான வழி இருக்கிறது.

செய்திச் சேனல்கள் பல சேர்ந்து அமைத்துள்ள சங்கத்தின் கீழ் என்.பி.டி.எஸ்.ஏ. என்ற தர ஆணையம் செயல்படுகிறது. 2021-இல்தான் இந்தப் பெயர் வந்தது. அதற்கு முன் என்.பி.எஸ்.ஏ. 2020 ஏப்ரலில் தப்லீக் ஜமாஅத்தைப் பற்றி ஒளிபரப்பான நிகழ்ச்சிகளை எதிர்த்துப் பெங்களூருவைச் சேர்ந்த குடிமக்கள் குழு ஒன்று இந்த ஆணையத்தில் புகார் செய்தது. 2021 ஜூனில் தீர்ப்பு வந்தது. நியூஸ்18 கன்னடாவுக்கு ரூ.1 லட்சமும் சுவர்ணா நியூஸுக்கு ரூ.50,000-மும் அபராதம். 2024 பிப்ரவரியில் 'லவ் ஜிஹாத்' நிகழ்ச்சிகளுக்காக டைம்ஸ் நவ் நவ்பாரத்துக்கு ரூ.1 லட்சமும் நியூஸ்18 இந்தியாவுக்கு ரூ.50,000-மும் அபராதம் விதிக்கப்பட்டன. நிகழ்ச்சிகளை இணையத்திலிருந்து நீக்கவும் உத்தரவானது.

கோடிகளில் புரளும் சேனலுக்கு ஒரு லட்சம் பெரிய தொகையா என்று நீங்கள் கேட்கலாம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் இதையே கேட்டது. ஆணையத்தின் அதிகாரம் உறுப்பினர் சேனல்களோடு நின்றுவிடுவது மற்றொரு குறை. ஆனாலும் ஒரு பொய்யைப் பொய் என்று அதிகாரபூர்வமாக எழுதி வாங்குவதற்கு மதிப்பு உண்டு. நாளை நம் பிள்ளை கேட்கும்போது காட்ட ஒரு தாள் இருக்கும்.

புகார் அளிக்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை:

1. சேனலின் பெயர், நிகழ்ச்சியின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றை உடனே குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒளிபரப்பியதை 90 நாட்கள் பாதுகாத்து வைப்பது சேனல்களின் உரிம நிபந்தனை.

2. முதல் புகார் சேனலுக்கே செல்ல வேண்டும். ஒளிபரப்பான ஏழு நாட்களுக்குள் அனுப்பிவிடுங்கள். எந்தச் சொல், எந்தக் காட்சி, அது ஏன் பொய் அல்லது இழிவு என்பதை அமைதியான நடையில் எழுதுங்கள். வசை எழுதினால் புகார் வலுவிழக்கும்.

3. 2021-ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின்படி சேனல் 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ, இரண்டு வாரங்களுக்குள் அந்தச் சேனல் உறுப்பினராக உள்ள தர ஆணையத்துக்கு எழுதுங்கள். அதற்கும் மேலே மத்திய அரசின் மேற்பார்வைக் குழு உள்ளது.

4. ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்திலும் சட்டம் படித்த ஒருவர், ஆங்கிலம் நன்றாக எழுதும் ஒருவர், பெண்கள் பிரதிநிதி ஒருவர் என மூவரை இதற்காக நியமித்தால் போதும். பெரிய நிதி தேவையில்லை.

5. நல்ல செய்தி வந்தால் அதற்கும் கடிதம் எழுதுங்கள். உழைத்துச் செய்தி சேகரித்த செய்தியாளருக்கு, பார்வையாளரிடமிருந்து வரும் நான்கு வரிகள் பெரும் பலம்.

நம் பக்கத்துத் தவறுகள்

பிறரை மட்டும் குறைசொல்லி முடித்தால் நாம் நீதி செய்தவர்கள் ஆக மாட்டோம். ஒரு கூட்டத்தார்மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் 8-ஆம் வசனம் நமக்குத் தரும் பாடம்.

தொலைக்காட்சியின் பொய்யைக் கண்டு கொதிக்கும் நாமே, 'வந்தபடி பகிரப்பட்டது' என்ற குறிப்போடு எத்தனை செய்திகளைக் கைப்பேசியில் அனுப்பியிருக்கிறோம்? கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்வதே ஒருவர் பொய்யர் ஆவதற்குப் போதும் என்ற கருத்தில் நபிமொழி உள்ளது. சொன்னவர் யார் என்று கேட்காமல் பகிர்ந்தால், நமக்கும் அந்த நெறியாளருக்கும் என்ன வேறுபாடு?

நம் சமுதாய ஊடகங்களையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். நம் இதழ்களிலும் இணையதளங்களிலும் பெண்கள் எழுதும் கட்டுரைகள் எத்தனை? கொள்கையில் மாறுபட்ட ஓர் அமைப்பின் நிகழ்ச்சியை, அதன் பெயரைச் சரியாகச் சொல்லி, நேர்மையாகப் பதிவு செய்கிறோமா? லெப்பை, மரைக்காயர், ராவுத்தர், தக்னி என்று பல பிரிவாக வாழும் நம் மக்களின் எல்லாக் குரலும் அதில் ஒலிக்கிறதா? ஆயிஷா (ரலி) அவர்களின் சபையிலிருந்து பாடம் கற்ற சமுதாயம், தன் சொந்தச் செய்தி அறையின் கதவை முதலில் திறக்க வேண்டும்.

கடைசியாக, பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை நன்றாக எழுதுகிறது, கேள்வி கேட்கிறது, ஊர் விஷயங்களைத் துருவுகிறது என்றால், "இதெல்லாம் சோறு போடுமா?" என்று கேட்டு அடக்கிவிடாதீர்கள். மருத்துவமும் பொறியியலும் மட்டும் படிப்பல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது. சென்னையிலேயே ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் இருக்கிறது. டெல்லியில் 1965-இல் தொடங்கிய இந்திய மக்கள் தொடர்பு நிறுவனமும், ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவில் 1982-இல் உருவான மக்கள் தொடர்பு ஆய்வு மையமும் இருக்கின்றன. ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் தரும் கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு ஒன்றையாவது இதழியல் மாணவருக்கும் மாணவிக்கும் ஒதுக்கினால், பத்தாண்டுகளில் அதன் பலன் தெரியும்.

அப்படிச் செல்லும் பிள்ளை நமக்காக வாதாட வேண்டியதில்லை. நம் தவறையும் சேர்த்தே அது எழுதட்டும். உண்மையை உண்மையாகச் சொல்லும் ஒருவர் அந்த மேசையில் இருந்தால் போதும். அதனால் நாம் மட்டுமின்றி நாட்டு மக்கள் எல்லோரும் பயன் பெறுவார்கள்.

கேட்டதைச் சரிபார்க்கும் நிதானத்தையும், வெறுப்பவரிடத்திலும் நீதி தவறாத உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.